வலது காதுப் பஞ்சு

மக்கீனுடைய வலது காது ஏழு வருடமாக அவருக்கு எதிரியாக இருந்தது. இடது காது பரம சாது. அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. வலது காதின் மேல்மடிப்பு மட்டும் முதலில் அரிக்கும், பிறகு சிவக்கும், தவிடு மாதிரிச் செதில் உதிரும். சொறிந்தால் நீர் கசிந்து மஞ்சள் பொருக்காகக் காயும். காலையில் தலையணை உறையில் அதன் அடையாளம் இருக்கும். மனைவி சகீனா உறையை ஒன்றும் சொல்லாமல் கழற்றிக்கொண்டு போவாள். அவள் சொல்லாமல் போவதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

கலகெதரயில் கண்டி வீதியோரம் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் கடை அவருடையது. கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் சாக்கை இறக்கி வைத்த கையோடு ஒரு வைத்தியமும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் உள்ளிப்பூண்டு காய்ச்சிய எண்ணெய் என்றார். ஒருவர் வேப்பிலை அவித்த தண்ணீர் என்றார். கராம்பு எண்ணெய் விடச் சொன்ன புண்ணியவானை மக்கீன் சாகும்வரை மன்னிக்கப்போவதில்லை. போதாததற்குத் தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி அவராகவே தினமும் குடைந்து பொருக்கைப் பெயர்த்தார். காது எப்படி ஆறும்?

டாக்டர்மாரும் குறைவில்லை. ஒருவர் பூஞ்சணம் என்று துளிமருந்து கொடுத்தார். இன்னொருவர் கிருமி என்று குளிசை கொடுத்தார். மூன்றாமவர் தலைப்பொடுகு என்றார். நான்காமவர் ஏறெடுத்தும் பார்க்காமல், யோசிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். யோசிக்காமல் இருக்க அது என்ன அடுத்தவன் காதா? நால்வரும் கேட்ட கேள்வி மட்டும் ஒன்றுதான்: "காதுக்கு என்ன போடுறீங்க?" எண்ணெய் வகைகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, "வேற ஒண்டும் இல்ல டாக்டர்" என்பார் மக்கீன்.

அவர் பொய் சொல்லவில்லை. தினமும் காலையில் உளுந்தளவு பஞ்சில் அத்தர் தொட்டு வலது காது மடிப்பில் செருகிக்கொள்வது அவர் கணக்கில் காதுக்குப் போடுவதே அல்ல. சட்டை போடுகிற மாதிரி, தொப்பி வைக்கிற மாதிரி அது ஒரு வழக்கம். மீசை முளைத்த காலத்திலிருந்து செய்கிறார். காது கசியத் தொடங்கிய பிறகு நாற்றம் பிறருக்குத் தெரியக் கூடாதே என்று இரண்டு சொட்டு அதிகமாகவே விட்டார். டாக்டரிடம் போகும்போது மட்டும், பஞ்சோடு உட்காருவது மரியாதையில்லை என்று அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். மனிதருக்குத்தான் ஏழு வருடம் புரியவில்லை.

தொண்ணூற்று நான்கில் ஹஜ்ஜுக்குப் போனார். இஹ்ராம் உடையில் பதினேழு நாள். ஒவ்வொரு விடியலிலும் மக்காவின் சம்சம் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டுக் காதில் தடவி அழுது கேட்டார். பத்தாம் நாள் அரிப்பு நின்றது. ஊர் திரும்பும்போது காது குழந்தையின் காதுபோல் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அங்கேயே கடைத்தெருவில் அகில் மணக்கும் உயர்ந்த ஊது அத்தர் நான்கு குப்பி வாங்கினார். கலகெதரயே வந்து காதைப் பார்த்தது. முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் புது அத்தரோடு போனார். மூன்றாம் நாள் அரித்தது.

கொண்டுவந்த சம்சம் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் காதில் விட்டே தீர்த்தார். ஈரம் ஊறி, மடிப்பின் பின்னால் வெடிப்பும் வந்ததுதான் மிச்சம். அப்போதுதான் அந்த எண்ணம் அவரைப் பிடித்தது: கொடுத்த சுகத்தை அல்லாஹ் திருப்பி எடுத்துக்கொண்டான் என்றால், ஹஜ்ஜு ஏற்கப்படவில்லை. ஹஜ்ஜுக் கூடாரங்கள் போடும் மினாவில் படுக்கும் இடத்துக்காக ஒரு மனிதரோடு வாய்ச்சண்டை போட்டது நினைவுக்கு வந்தது. சண்டை கூடாத இடத்தில் சண்டை. அதுதான், அதேதான். சகீனாவிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை.

அடுத்த தேநீர்க்கடை சாஹுல் ஹமீது காலையில், "ஹாஜியார், தேத்தண்ணி?" என்று குரல் கொடுத்தால், ஹஜ்ஜு முடித்தவரை அழைக்கும் அந்தப் பெயருக்குத் திரும்ப மனம் வராமல் மக்கீன் சாக்குக்குள் தலையை விட்டுக்கொள்வார். ஊர், அவருக்குக் காதும் மந்தம் என்றது.

"இஞ்ச பாருங்கோ, காது கேக்குதா இல்லையா? கண்டியில தோல் டாக்டர் ஒராள் ஈக்கியாராம். காட்டிட்டு வாங்கோ," என்றாள் சகீனா ஒரு நாள்.

"இன்னொராள்ட்ட வேற போய் ஏமாறணுமா?" என்று சீறிவிட்டு, மறுநாள் பஸ் ஏறினார்.

கண்டியில் திருகோணமலை வீதியில் ஒரு மாடியில் டாக்டர் இராமநாதன் எண்ணெய், தீக்குச்சிக் கதையைக் கேட்டுவிட்டு, விளக்கை வைத்து இரண்டு காதையும் பார்த்தார். வடபகுதித் தமிழர், அவசரமில்லாமல் பேசினார்.

"இது எக்ஸிமா. எங்கடை ஆக்கள் கரப்பான் எண்டு சொல்லுறது. ஏதோ ஒரு சாமான் ஒத்துக்கொள்ளேல்லை. எப்பவாவது முழுசாச் சுகப்பட்டதோ?"

"ஒரு தடவ. மக்காவுல. சம்சம் தண்ணி பூசினேன். இஞ்ச கொண்டுவந்தும் பூசினேன்."

"இஞ்சை வந்தும் அதைத்தானே பூசினனீங்கள். சுகப்படேல்லையே."

மக்கீனுக்கு நெஞ்சில் குத்தியது. "இல்ல," என்றார்.

"அப்ப பூசினதை விடுங்கோ. அங்கை செய்யாமல் விட்டது என்ன?"

இது பாடமாகத் தெரிந்த விஷயம். மக்கீன் விரலை மடக்கினார். "இஹ்ராம்ல தச்ச உடுப்பு உடுக்கப்படாது. நகம் வெட்டப்படாது. தலைக்கு எண்ணெ வெக்கப்படாது. வாசனை..."

விரல் மடங்காமல் நின்றது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பஞ்சு வெளியே வந்தது. அறை முழுக்க மணத்தது.

"உந்தப் பஞ்சை எங்கை வைக்கிறனீங்கள்?"

மக்கீன் வலது காதைத் தொட்டுக் காட்டினார்.

"காதுக்கு என்ன போடுறனீங்கள் எண்டு இதுவரை ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"நாலு பேரும் கேட்டாங்க. மருந்தத்தானே கேக்கியாங்கன்னு நெனச்சேன். அத்தர் என்ன மருந்தா டாக்டர்? முப்பது வருசமா வெக்கியேன்."

"கனகாலம் ஒத்துக்கொண்ட சாமானும் ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகும். தீக்குச்சியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். தொழுகைக்கு உளுச் செய்து நனைஞ்சால் மெல்லிய துணியாலை ஒத்தித் துடையுங்கோ. இந்தக் களிம்பை ஒரு கிழமைக்கு மெல்லிசாத் தடவுங்கோ, கூட வேண்டாம். நம்பிக்கை இல்லாட்டில் அத்தரை முழங்கை மடிப்பிலை காலையும் பின்னேரமும் தடவிப் பாருங்கோ, தெரியும்."

மக்கீன் எழவில்லை. "அப்ப மக்காவுல சுகமானது?"

"அத்தர் படாததாலை."

"திரும்பி வந்தது?"

"அத்தர் பட்டதாலை."

"வேற ஒண்டும் இல்லையா டாக்டர்?"

"வேறை என்ன இருக்கு?"

மக்கீன் கண்ணைத் துடைத்தார். காது நோகிறதாக்கும் என்று டாக்டர் மறுபடி விளக்கை எடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது அவருக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது: நாலு டாக்டர் மேல், கராம்பு எண்ணெய்க்காரன் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகச் சட்டைப் பையில் ஆதாரத்தை ஒளித்து வைத்துக்கொண்டு திரிந்த தன் மேல். வீட்டுக்கு வந்ததும் ஊது அத்தரை முழங்கை மடிப்பில் தடவினார். நாலாம் நாள் அந்த இடம் சிவந்து அரித்தது. ஏழு வருடத்தில் ஓர் அரிப்புக்காக அவர் அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனைப் புகழ்ந்தது அன்றுதான். கையைக் காட்டி, மினா சண்டையிலிருந்து எல்லாவற்றையும் சகீனாவிடம் சொன்னார்.

அவள் முழங்கையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இத்தன காலம் இத நெஞ்சுக்குள்ள வெச்சிட்டா ஈந்தீங்க?" என்றாள்.

மறுநாள் காலை வெறுங்காதோடு கடை திறந்தார். ஏதோ உடுக்க மறந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

"ஹாஜியார், தேத்தண்ணி?" என்றார் சாஹுல் ஹமீது, பதில் வராது என்று தெரிந்தே.

மக்கீன் திரும்பினார். "ஊத்துங்கோ," என்றார்.