தொட்டியில் இறங்கியவனா, ஷாப்பு வைத்திருந்தவனா

வேலூரில் ஒரு கல்லூரியில் தத்துவ ஆசிரியராகச் சேர்ந்து எனக்கு இரண்டாம் ஆண்டு முடிகிற சமயம். வேலை உறுதியாகவில்லை. பங்குனியில் கல்லூரிக் கமிட்டி கூடித் தீர்மானிக்கும். அறநெறியும் கிரேக்கரின் பழஞ்சிந்தனையும் தவிர வேறெதுவும் எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது.

மாசியில், சிவராத்திரி கழிந்த சனிக்கிழமை, ஆம்பூர்ப் பள்ளிக்கூடமொன்றில் தமிழில் பேச அழைத்தார்கள். தலைமை தாங்கியவர் ஒரு பெரிய தோல் ஷாப்பின் முதலாளி; தோல் பதனிடும் தொழிற்சாலையை அந்த ஊரில் ஷாப்பு என்பார்கள். எங்கள் கமிட்டியிலும் அவர் இருந்தார்.

நான் எடுத்துக்கொண்ட பொருள், கிறிஸ்துவுக்கு முன் 399இல் ஏதென்ஸ் நகரத்தார் விஷம் கொடுத்துக் கொன்ற ஞானியின் வழக்கு. குற்றம் சாட்டிய மூவரில் ஒருவனுடைய தொழில் தோல் பதனிடுவது. ஆங்கிலப் புத்தகங்கள் அதை 'டேனர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. ஆம்பூரில் அந்தச் சொல்லுக்கு இரண்டு ஆட்கள் உண்டு. ஒருவன் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலை மிதிப்பவன். இன்னொருவர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். 'தோல்காரன்' என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தேன்.

அப்படியே சொன்னேன். ஷாப்புகளில் அன்றைய வேலை முடிந்து வந்து பின்சுவரோரம் நின்ற தொழிலாளர்கள் சிரித்தார்கள்.

"டேய், நம்மாளுடா!"

"உங்க மாமனாரா இருக்கும்."

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, ஒரு சந்தேகம். அவன் தொட்டில எறங்குன ஆளா, ஷாப்பு வெச்சிருந்த ஆளா?"

முதலாவதைச் சொன்னால், அந்த ஞானியைக் கொன்ற பழியோடு இவர்கள் வீட்டுக்குப் போவார்கள். இரண்டாவதைச் சொன்னால் பங்குனி இருக்கிறது. தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. அவன் பெரிய பணக்காரன், படைத்தலைவனாகவும் இருந்தவன் என்று நான் படித்த எல்லாப் புத்தகத்திலும் இருந்தது.

"ஷாப்பு வைத்திருந்தவர்" என்றேன். அதுவரை அவனாக இருந்தவனுக்குப் பயத்தில் மரியாதை தானாக வந்து சேர்ந்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், தம்முடைய ஜட்காவிலேயே என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். ரயில் வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"நல்லா பேசுனீங்க சார். இனிமே இங்கிலீஷ்லயே பேசுங்க."

"பின்னாடி நிக்கறவங்களுக்குப் புரியாதுங்களே."

"அதுக்குத்தான் சொல்றேன்."

காட்பாடியில் இறங்குவதற்குள் அந்தப் பதிலை நாலு விதமாக மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பங்குனிக்கு முன்பே குடியாத்தத்து நெசவாளர்கள் தமிழில் பேச அழைத்தார்கள். போனேன். இன்னும் ஓராண்டு பார்க்கலாம் என்று கமிட்டி என் வேலையைத் தள்ளிவைத்தது. அடுத்த ஆண்டும் அதையே சொன்னது. அவர்கள் என்னை நீக்கவும் இல்லை, உறுதி செய்யவும் இல்லை. வகுப்பில் அறத்தைப் பற்றிப் பேசும்போது தெளிவாக இருந்த குரல், பங்குனி பிறந்து வேப்பம்பூ உதிரத் தொடங்கினால் ஒவ்வோர் ஆண்டும் கம்மிவிடும். கல்லூரிச் சேவகர் வாசலில் வந்து நின்றால், கமிட்டியின் கடிதமோ என்று சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன்.