சிரட்டைகளில் மழை

பேச்சிப்பாறைக்குக் கீழே ரப்பர் பால் வெட்டும் பூங்கனி, நாலு மாதமாகத் தினமும் ஒரு மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்கிறாள். உள்ளே இருப்பவள் ஜாஸ்பின், பதினேழு வயது. ஒரு நேரம் அலறுவாள், கையைக் கீறிக்கொள்வாள். பிறகு வாரக்கணக்கில் பேச்சே இராது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், மருந்தோடு ஆள் துணையும் வேண்டுமென்று டாக்டர் சொன்னார். பக்கத்து ஐந்து வீட்டார் முறை வைத்துக்கொண்டார்கள். வெட்டு முடிந்து, மரங்களில் கட்டிய தேங்காய்ச் சிரட்டைகளில் பால் சொட்டி நிறைகிற நேரம் பூங்கனியின் முறை.

பேச வேண்டாம், இருந்தால் போதும் என்பது டாக்டரின் சொல். சும்மா இருப்பது அத்தனை சுலபமில்லை. மூடுபனியில் மரங்கள் வரிசை வரிசையாகக் கரையும். கேட்பது உள்ளே இருப்பவளின் மூச்சா, இலைக்காற்றா என்று தெரியாது. தான் காத்திருப்பது அவளுக்காகவா, தனக்காகவா என்று சில நாள் யோசிப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜாஸ்பினின் அப்பா ரசலையன் வந்து நின்றார். "திங்கக்கிழம வண்டி வருது. தூரத்துல ஒரு ஹோம்ல விடப்போறேன். நாலு மாசத்துல அவ வாசல் தாண்டினாளா?"

"இன்னும் கொஞ்சம் பொறுங்க அண்ணே."

"நீ பொறுப்ப. பெத்தவனுக்குப் பொறுக்காது."

மலைமேல் வானம் கறுத்தது. மழை விழுந்தால் சிரட்டைப் பாலெல்லாம் தண்ணீரோடு வழிந்துவிடும். ஓடிப்போய் எடுத்திருக்க வேண்டும். ஆனால், அந்தப் பேச்சுக்குப் பிறகு எழுந்துபோகப் பூங்கனிக்கு மனம் வரவில்லை.

"அக்கா, மழ வருதாக்கும்." கதவுக்குப் பின்னாலிருந்து குரல்.

"வரட்டும் மக்கா."

"பாலு?"

"போனா போகட்டு."

"ஒங்களுக்குக் கூறு இல்லியா?"

தாழ்ப்பாள் விலகியது. கலைந்த முடியோடு வந்த ஜாஸ்பின், சுவரோரம் இருந்த பூங்கனியின் வாளியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் ஓடினாள்.

இருவரும் மரம் மரமாக ஓடினார்கள். பச்சை இருட்டில் சிரட்டைகள் மட்டும் வெள்ளையாக மிதந்தன. பாதிப் பால் மழையோடு போயிற்று. ஜாஸ்பின் சிரித்தமாதிரி இருந்தது, இருமலாகவும் இருக்கலாம்.

ரசலையன் நனைந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் வண்டிக்காரனுக்குப் போன் செய்து, "இந்த மாசம் வேண்டாம்" என்றார்.

குணமாகிவிட்டாள் என்று யாரும் சொல்லவில்லை. மறுநாளும் கதவு மூடியே கிடந்தது. பூங்கனி வழக்கம்போல உட்கார்ந்தாள். காற்று வந்தபோது கதவு லேசாக ஆடியது. உள்ளே தாழ் போட்டிருக்கவில்லை.