விதி பதினான்கும் பாஸ்கல் கம்பைலரும்

கணிப்பொறிப் பிரிவு நடைமுறைக் கையேடு, விதி பதினான்கு: "புதிய மென்பொருள் எதையும் விற்பனை நிறுவனத்தின் பொறியாளரே நிறுவ வேண்டும். தலைமை அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வரும்வரை டேப்பின் சீல் உடைக்கப்படலாகாது."

தெளிவான விதி. இதை எழுதியவர் கொடைக்கானலுக்கு வந்ததே இல்லை என்பதும் தெளிவு. பொறியாளர் ஒரே ஒருமுறை வந்தார். வத்தலக்குண்டு மலைப்பாதையின் வளைவுகளில் வயிற்றைக் காலி செய்துவிட்டு, இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லிப் போனவர்தான். அனுமதி கேட்டு நான் அனுப்பிய கடிதத்துக்கும் அதன் நினைவூட்டல்களுக்கும் பதில் இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மலைமேல் இருந்த ஒரு வானிலை ஆய்வு நிலையத்தில் நான் பிரிவுக் கண்காணிப்பாளர். பீரோ அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குத் தெரிந்த ஒரே மொழி ஃபோர்ட்ரான். எங்களுக்கு வந்து சேர்ந்த உறைபனிக் கணக்கு நிரலோ பாஸ்கலில் எழுதப்பட்டது. பாஸ்கலை இயந்திரத்துக்கு மொழிபெயர்த்துத் தரும் கம்பைலர் டேப்பில் வந்திருந்தும் சீலோடு கிடந்தது. ஆகவே கம்ப்யூட்டர் சும்மா நின்றது. பயன்படாத கருவியைச் சமவெளிக்கு எடுத்துச்செல்ல வியாழக்கிழமை அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

கருவி போனால் ஆபரேட்டர் சரோஜாவின் தற்காலிக வேலையும் போகும். கணிதப் பட்டதாரி, செண்பகனூரில் வீடு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம்.

"ஒரு தடவ கப்பல்ல ஏத்தி அனுப்புனாங்க. இப்ப இந்தப் பொட்டியோட சேத்து லாரியில ஏத்துறாங்களா சார்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1. சீல்

இயக்குநர் மணவாளன் மதுரைக்காரர். என் மேசைமேல் டேப்பை வைத்தார்.

"என்ன சூப்ரண்டு, கம்பைலர் இந்தா கெடக்கு. விதி விதின்னு உக்காந்திருந்தா பொட்டியத் தூக்கிட்டுப் போயிருவாய்ங்க. இத உடைக்க ஒரு விதி சொல்லுங்க பாப்போம்."

"விதி பதினேழுங்க சார். சேமிப்பிலுள்ள டேப்புகளை ஈரம் தாக்காதபடி அவ்வப்போது சுழற்றிப் பார்க்க வேண்டும்."

அவர் சன்னலைப் பார்த்தார். வெளியே மஞ்சு இறங்கி மரங்களை மறைத்திருந்தது.

"ஈரந்தான் நெறையக் கெடக்கே. சுத்தும்போது உள்ள இருக்குறது காப்பி ஆயிருச்சுன்னா?"

"அதைத் தடுக்குற விதி இல்லங்க சார்."

சீல் உடைந்தது.

2. கட்டுதல்

இளைஞர்கள் இன்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். அன்று கதை வேறு. டேப்பில் இருந்த பாஸ்கல் கம்பைலரின் மூலநிரல் பாஸ்கலிலேயே எழுதப்பட்டிருந்தது. அதை எங்கள் இயந்திரத்துக்குப் புரியவைக்க ஒரு பாஸ்கல் கம்பைலர் வேண்டும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மாதிரி.

டேப்பை அனுப்பிய புண்ணியவான்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். அதே கம்பைலர் ஓர் எளிய இடைமொழியிலும் இருந்தது. அந்த இடைமொழியைப் படித்து நடத்தும் நிரலை நாங்களே ஃபோர்ட்ரானில் எழுதிவிட்டால், இடைமொழிக் கம்பைலர் ஓடும். ஓடும் கம்பைலரிடம் அதன் மூலநிரலையே கொடுத்தால், அது தன்னைத் தானே மொழிபெயர்த்துத் தரும். கிடைப்பது டேப்பில் உள்ள இடைமொழியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் எல்லாம் சரி. ஓர் எழுத்து மாறினாலும் எங்கள் வேலையில் கோளாறு.

நானும் சரோஜாவும் அதை எழுதி முடித்தோம். புதன் காலை, கம்பைலர் தன்னைத் தானே படிக்கத் தொடங்கியது. டிஸ்க் விளக்கு சிமிட்டச் சிமிட்ட நாங்கள் உட்காரவில்லை. கடைசி வரி பிழையின்றி முடிந்தபோது சரோஜா கைதட்டினார். நான் பதவிக்குரிய கம்பீரத்தை மறந்து நாற்காலியை உதைத்தேன்.

3. வேறு

டேப்போடு வந்த ஒப்பிடும் நிரல் ஒரே சொல்லில் பதில் சொல்லும். சொன்னது: "வேறு."

மறுபடி ஓட்டினோம். "வேறு."

இயக்குநர் எட்டிப் பார்த்தார். "ஆபீசர் நாளைக்கு வெள்ளனே கீழேருந்து கெளம்பி வந்துருவாரு. அது 'சரி'ன்னு சொல்லாம அவரு முன்னாடி உறைபனிக் கணக்கப் போடக்கூடாது. தப்பா விடை வந்தா மானம் போயிரும். வெரசாப் பாருங்க."

இரண்டையும் அச்சடித்தோம். சரோஜா முதல் தாள்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சன்னல் கண்ணாடியில் அழுத்தினார். மஞ்சு விலகி வெயில் வந்திருந்தது. எழுத்துமேல் எழுத்து கச்சிதமாக உட்கார்ந்தது, முதல் வரியைத் தவிர.

"மேல மட்டும் மங்கலா இருக்கு சார்."

படித்தேன். பிரிவு எண், தேதி, நேரம்.

தலைமை அலுவலகச் சுற்றறிக்கைப்படி, எங்கள் கம்ப்யூட்டரில் உருவாகும் ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும் இவை தானாகவே பதியும். டேப்பிலிருந்து எடுத்த நகலுக்கு ஒரு நேரம், கம்பைலர் பெற்ற பிள்ளைக்கு ஒரு நேரம். எங்கள் நிரல்கள் அந்த வரியைத் தாண்டிப் படிக்கப் பழகியவை. வெளியூரிலிருந்து வந்த ஒப்பிடும் நிரலுக்கு எங்கள் சுற்றறிக்கை தெரியாது. பாவம், உண்மையைச் சொல்லியிருக்கிறது.

"பிள்ளைக்குச் சீல் குத்துனது நம்மதானா?" என்று சரோஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

இரண்டிலும் முதல் வரியை நீக்கி ஓட்டினோம்.

"சரி."

அந்த ஒரு சொல்லுக்கு இயக்குநர் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடி வந்தார்.

மறுநாள் அதிகாரி முன்னால், முந்தைய குளிர்காலத்தின் அளவுகளைக் கொடுத்தோம். உறைபனி விழுந்த நாட்களை நிரல் சரியாகவே சொன்னது. அதிகாரி முகம் மலர்ந்து, பிறகு கடமை நினைவுக்கு வந்து, "இத யாரு இன்ஸ்டால் பண்ணா? இஞ்சினியர் வரலையே?" என்றார்.

"டேப்பச் சுத்திப் பாத்தோங்க சார்," என்றார் மணவாளன். "நல்லாவே சுத்துச்சு."

காலி லாரி கீழே இறங்கியது. கருவி இருந்தது, சில மாதங்களில் சரோஜாவின் வேலையும் நிரந்தரமானது.

இளைஞர்களுக்குச் சொல்வது இதுதான்: இரண்டு பொருள்களை ஒப்பிடும் முன், அவற்றின்மேல் நீங்களே ஒட்டிய சீட்டைக் கிழித்துவிடுங்கள்.

என் கடிதத்துக்குத் தலைமை அலுவலகம் பதில் போடாமல் விடவில்லை. சீலை உடைக்க அனுமதி இல்லை, பொறியாளர் வரும்வரை காத்திருக்கவும் என்று எழுதியிருந்தார்கள். உறையைக் கையெழுத்திட்டு வாங்கியவர் நிரந்தர ஆபரேட்டர் சரோஜா. அன்று, அடுத்த ஆண்டுத் தைப்பூசம்.