பதினொரு மார்க் குறைந்தவள்

என் தோழிக்கு மெடிக்கல் சீட் கிடைத்த அன்று அவள் கொண்டுவந்து கொடுத்த ஜிலேபியில் இரண்டைத் தின்றேன். "நல்லா படிடி" என்று வாழ்த்தவும் செய்தேன். அவள் போன பிறகு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. அவளுக்கு என்னைவிடப் பதினொரு மார்க் குறைவு.

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. மகாலுக்குப் பின்னால் ஒரே தெருவில் எங்கள் இரண்டு வீடும். ஒரே பள்ளிக்கூடம், பி.யு.சி.யிலும் ஒரே பெஞ்சு. இரண்டு வீட்டிலும் பேசுவது சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் தமிழ். சாதியும் ஒன்றுதான். ஆனால் அவளிடம் பிற்பட்ட வகுப்புச் சான்றிதழ் இருந்தது, என்னிடம் இல்லை.

இதற்குக் காரணம் ஒன்றாம் வகுப்பில் எங்களைச் சேர்த்த அன்று நடந்தது. அவள் அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். என்ன சாதி என்று ஹெட்மாஸ்டர் கேட்டதும், ஊர்க்காரர்கள் எங்களை எப்படிக் கூப்பிடுவார்களோ அதையே சொல்லிவிட்டார்: "பட்டுநூல்காரங்க சார்." என் அப்பாவுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தாலே ஆகாது. சுங்குடிச் சேலைக் கடை வைத்திருந்தார். ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் மாற்றிக்கொண்டு, அன்று முழுக்கச் சட்டை போடாமல்தான் தெருவில் நடப்பார். அவர் 'சௌராஷ்டிர பிராமணர்' என்று எழுதச் சொன்னார். எழுதியதை ஒரு தடவை வாசித்துக் காட்டவும் சொன்னாராம். சர்க்காரின் பிற்பட்டோர் பட்டியலில் இருந்ததோ அவருக்கு ஆகாத அந்தச் சொல்தான்.

மெடிக்கலுக்கு மனுப் போடுகிற சமயத்தில் நான் அழுது அடம்பிடித்து அவரைத் தாலுகா ஆபீசுக்கு இழுத்துப்போனேன். அங்கே இருந்த கிளார்க் நல்ல மனிதர். என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னண்ணே, இதுல பிராமணர்னுல்ல போட்டிருக்கு. பட்டுநூல்காரர்தான்னு ஒரு மனு எழுதிக் குடுங்க. விசாரிச்சு ஐயாகிட்டக் கையெழுத்து வாங்கித் தாரேன். இம்புட்டுத்தான் வேலை."

அப்பா பேனாவைத் திறந்தார். திறந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "வா, போகலாம்" என்றார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் எங்கள் பாஷையில் சொன்னார்: "நீ டாக்டராகாட்டி குடி முழுகிடாது. என் கையால அதை எழுத மாட்டேன்."

அப்பாவின் மேல் வந்திருக்க வேண்டிய கோபம் எனக்குத் தோழியின் மேல் வந்தது. அவள் வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிற நேரம் பார்த்து ஜன்னலைச் சாத்துவேன். சாத்திவிட்டு இடுக்கு வழியாகப் பார்ப்பேன். அவள் பரீட்சையில் தவறினால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்திருக்கிறேன். அவள் தவறவே இல்லை.

மெடிக்கல் கிடைக்காமல் நான் பி.எஸ்சி. சேர்ந்த பெண்கள் கல்லூரியில் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். சீட்டுக் கொடுக்க வேண்டியது தகுதிக்கா, வகுப்புக்கா என்று தலைப்பு. தகுதிக்கே என்று நான் பேசினேன். மார்க் குறைந்தவர்கள் கையில் கத்தியைக் கொடுத்தால் நோயாளி என்ன ஆவான் என்று கேட்டபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பரிசாக ஓர் எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். மேடையை விட்டு இறங்கியதும் கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஒருத்தி என்னை மறித்தாள். அவள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் அவள்தான்.

"அம்புட்டுப் பேசுனியே, உனக்கு அந்தச் சர்ட்டிபிகேட்டு கெடச்சிருந்தா வேணாம்னு கிழிச்சுப் போட்டிருப்பியா?"

"அது வேற விஷயம்" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவள் வருகிற பக்கம் நான் போவதில்லை.

நான்கு வருஷம் கழித்து என் தம்பியின் முறை வந்தது. அவனுக்கு இன்ஜினீயரிங். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஒரு விண்ணப்பப் படிவத்தை என் முன்னால் வைத்து, "உன் இங்கிலீஷ் எழுத்து அழகா இருக்கும், நீயே நிரப்பிக் கொடு" என்றார். இணைக்க வேண்டிய காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். மூன்றாவது காகிதம் தாசில்தார் கையெழுத்துப் போட்ட வகுப்புச் சான்றிதழ். பட்டுநூல்காரர் என்று தெளிவாக எழுதியிருந்தது. அதற்குக் கொடுத்த மனுவின் நகல் அடியில் இருந்தது. அப்பாவின் கையெழுத்தேதான், அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

"இதை எழுத உங்களுக்குக் கை வந்துச்சாப்பா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அவன் ஆம்பளப் பிள்ளை. நாளைக்கு நாலு பேருக்குச் சோறு போடணும்."

தம்பி எதிரில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தான். நான்கு வருஷமாகத் தோழியின் மேல் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. அவன் தட்டைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. படிவத்தை எடுத்து, வகுப்பு கேட்டிருந்த கட்டத்தில் ஓர் எழுத்தும் பிசகாமல் நிரப்பிக் கொடுத்தேன்.

அவனுக்குச் சீட் கிடைத்தது. அவன் மார்க் என் தோழியின் மார்க்கைவிடவும் குறைவு. அதைப் பற்றி நான் எந்த மேடையிலும் பேசவில்லை.