சின்னத்தாய் சுமக்க மறுத்த துட்டி

பெயர்: சின்னத்தாய். வயது 54. ஊர்: ஆமத்தூர். தொழில்: நாரணாபுரம் அருகே ஒரு பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுதல், 1998 முதல்.

துட்டி என்பது இப்பகுதியில் இழவைக் குறிக்கும் சொல். இழவு வீட்டுக்குச் சென்று துக்கத்தில் பங்குகொள்வதைத் ‘துட்டி கேட்டல்’ என்பர். பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள்; வாய்விட்டு விசாரிப்பது குறைவு. துட்டி கேட்க வராத வீட்டோடு பேச்சுவார்த்தை அத்துடன் முடிந்துவிடும்.

தீபாவளிச் சீசனில் துட்டி கேட்க ஒரு பிரிவுக்கு ஒருவரைத்தான் ஆலை அனுப்பும். 2009 முதல் பின்னல் பிரிவின் சார்பில் சென்றுவருபவர் சின்னத்தாய். தம் துட்டியை இவரிடம் சொல்லி அனுப்பியவர் ஒவ்வொருவருக்காகவும், இழவு வீட்டுப் பெண்ணை ஒருமுறை கட்டிக்கொள்வார். காதருகே அனுப்பியவர் பெயரைச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் இதுவரை ஒரு பெயரையும் விட்டதில்லை. அனுப்பாதவர் பெயரை, முகதாட்சண்யத்துக்காகக்கூடச் சேர்த்ததில்லை.

2024 அக்டோபர் 8 அன்று ஆனைக்குட்டத்தில் சோலைச்சாமி மாரடைப்பால் இறந்தார். அவர் மனைவி பேச்சியம்மாள் முன்பு இதே பிரிவில் வேலை பார்த்தவர். சின்னத்தாயின் இருபதாண்டுத் தோழி. மறுநாள் காலை சின்னத்தாய் கிளம்பும்போது, அதே பிரிவில் பின்னும் கற்பகம் தயங்கி வந்து நின்றார். பேச்சியம்மாளின் மகள் சினேகாவைப் பற்றிக் கற்பகம் எங்கோ சொன்ன சொல்லால் ஒரு சம்பந்தம் நின்றுபோயிருந்தது. நான்கு ஆண்டுகளாக இரு வீட்டுக்கும் பேச்சில்லை.

“எக்கா, எனக்கும் சேத்து ஒரு தடவ கேட்டுரு.”

“மத்தவுக துட்டிய நான் கொண்டுபோவேன். ஒன்னுது என்னால ஆகாது. நீயே போ.”

பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்த பாண்டிச்செல்வி சிரித்தார். “வாசல்ல வெளக்குமாறுதான் நிக்கும்.”

“நின்னா வாங்கிக்கிடட்டும். அதுக்கும் ஆள் அனுப்ப முடியுமா?”

 போனால் கற்பகம் அவமானப்பட நேரலாம். போகாவிட்டால் உறவு முடிந்தது.  சின்னத்தாய் ஃபோர்மேனிடம் தன் பெயருக்குப் பதில் கற்பகத்தின் பெயரை எழுதச் சொன்னார். கற்பகத்தின் இடத்தில் அமர்ந்து, அவர் விட்ட சரத்தை எடுத்துப் பின்னத் தொடங்கினார். உயிர்த்தோழியின் துக்கத்துக்குப் போகும் உரிமையை அவர் இப்படி விட்டுக்கொடுத்தது, அங்கிருந்த சிலருக்குப் பிறகுதான் உறைத்தது.

ஆனைக்குட்டத்தில் நடந்ததைக் கற்பகமே பின்னர் சொன்னார். வாசலில் இவரைக் கண்டதும் பெண்களின் அழுகை நின்றது. பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

“யார் துட்டியக் கொண்டாந்திருக்க?”

“எந் துட்டிதான் மதினி. மத்தவுகளுது பெறகு.”

 பேச்சியம்மாள் இரு கைகளையும் நீட்டினார்.

துட்டிக்குச் செல்பவருக்கு ஆலை தரும் அனுமதி இரண்டு மணி நேரம். வாயிற் பதிவேட்டின்படி, கற்பகம் வெளியே சென்றது 10.20, திரும்பியது 3.05.