ஈச்சங்கலட்டியில் பிறந்தவர்

செய்தி வந்தபோது நான் பாரிஸின் புறநகரான சார்செலிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். காலை ரயில், நிற்க மட்டும்தான் இடம். தொலைபேசியில் தவம் அண்ணையின் மகள் அனுஷாவின் குரல்: "அன்ரி, அப்பா செத்துப்போனார்."

அனுஷா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். நான் தமிழில் கேட்டாலும் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள். அன்று தமிழில் சொன்னாள். எங்கள் பெரியவர்கள் இப்படியொரு செய்தியை "மோசம் போயிட்டார்" என்று தணித்துச் சொல்வார்கள். அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. தெரிந்த ஒரே சொல்லை எடுத்துத் தகப்பனின் மொழியில் சொல்லிவிட்டாள்.

பிறகு பிரெஞ்சுக்கு மாறினாள். இறுதிக் கிரியைகளை ஒழுங்கு செய்யும் இடத்தில் நிற்பதாகவும், ஒரு தாளை நிரப்பச் சொல்வதாகவும் சொன்னாள். அப்பா பிறந்தது மருதாவில் என்ற ஊர்தானே என்று கேட்டாள். நான் "ஓம்" என்றேன்.

தவராசா என்ற தவம் அண்ணையை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொன்ன அந்த "ஓம்" பிழையானது. அதைச் சொல்லாமல் அவரைப்பற்றி வேறெதையும் எழுத எனக்குக் கை வரவில்லை.

பாரிஸில் ரூ லூயி-பிளாங் தெருவில் நான் வேலை செய்யும் பயண முகவர் நிலையத்தை உங்களில் பலருக்குத் தெரியும். முன்னால் நான் டிக்கெட் போடுவேன். பின்னால், சுவரோரம் ஒரு மேசையில் தவம் அண்ணை. விண்ணப்பங்கள் நிரப்புவார், கடிதங்களை மொழிபெயர்ப்பார், யாராவது இறந்துவிட்டால் மரண அறிவித்தல் எழுதிக் கொடுப்பார். பன்னிரண்டு வருடங்கள் எங்கள் இருவருக்கும் இடையே ஒரு பிரின்டர் மட்டும்தான் இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விசாரணை தொடங்கிவிட்டது.

"தங்கச்சி எந்த ஊர்?"

"பருத்தித்துறை, அண்ணை."

"பருத்தித்துறையிலை எது?"

"பக்கத்திலை."

"பக்கத்திலை எண்டு ஒரு ஊர் இல்லை. சொல்லுங்கோ."

நாவலோடை என்றேன். அதைச் சொல்லி எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன.

"அங்கை என்ன விசேஷம்?"

"ஒண்டுமில்லை அண்ணை. ஒரு வடை தின்னவேணும் எண்டாலும் பருத்தித்துறைக்குத்தான் போகவேணும்."

அவர் விடவில்லை. கோயில் கேட்டார், பள்ளிக்கூடம் கேட்டார், குளம் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தேன். கடைசியில், "பஸ் எங்கை திரும்பும்?" என்றார்.

"எங்கடை ஊர் ஆலமரத்தடியிலை."

"பாத்தியளோ! அவ்வளவு பெரிய பஸ் திரும்ப இடம் குடுத்த ஊரை ஒண்டுமில்லை எண்டு சொல்ல வந்திட்டியள்."

ஒரு கொப்பியை எடுத்து, "நாவலோடை: பஸ் திரும்புகிற ஊர்" என்று எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது அந்த ஆலமரத்தை நினைத்துக்கொண்டு போனேன். பிரான்சுக்கு வந்த பிறகு அதை நினைத்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் கொப்பியில் நெடுந்தீவின் குதிரைகளும் சாவகச்சேரியின் பலாப்பழமும் இல்லை. "அது எல்லாருக்கும் தெரியும், எழுதத் தேவையில்லை" என்பார். யாருக்கும் தெரியாத ஊர்களைத்தான் எழுதுவார். முதன்முதலில் தையல் மெஷின் வந்த ஊர். ஒரே ஒழுங்கையில் மூன்று தவில்காரர் இருந்த ஊர். மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குத் தோணியில் போன ஊர். ஒருமுறை, தபால் நிலையத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற புதுச்சேரிக்காரர் ஒருவர் கடிதம் எழுத வந்தார். அவரையும் இவர் விடவில்லை.

"நம்ம ஊரு பாண்டிங்க. அதுக்கு மேல என்ன சொல்லணும்? உலகத்துக்கே தெரியும்."

"உலகத்துக்குத் தெரிஞ்சது எனக்கு வேண்டாம், மிசியே. உங்கடை தெரு சொல்லுங்கோ."

அவர் யோசித்தார். தன் தெருவுக்கு விடியற்காலையில் ரொட்டிக்காரர் சைக்கிளில் வருவார் என்றும், மணி அடிக்க மாட்டார், இருமுவார், அந்த இருமலுக்குத்தான் தெருவே எழும்பும் என்றும் சொன்னார். வந்த காரியத்தை மறந்து கடிதம் எழுதாமலேயே போய்விட்டார். மறுநாள் திரும்பி வந்தபோது, "எழுதிட்டீங்களா, அந்த இருமலை?" என்றுதான் முதலில் கேட்டார்.

மரண அறிவித்தல் எழுதும்போதுதான் அண்ணை மிகவும் கண்டிப்பாக இருப்பார். எங்கள் அறிவித்தல்கள் எல்லாமே ஒரே மாதிரித் தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரியும்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார். பெயருக்கும் முன்னால் ஊர் வரும். பிள்ளைகள் வந்து "யாழ்ப்பாணம் எண்டு போடுங்கோ, காணும்" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். ஊரில் மிஞ்சியிருக்கும் சித்தியையோ மாமாவையோ தொலைபேசியில் பிடித்துக் கேட்டு, சின்ன ஊரின் பெயரை வாங்கித்தான் எழுதுவார். "முதல் வரியிலை பிழை விட்டால் அந்தாள் வேற ஆள்" என்பார். அதை ஒரு தொழில்காரரின் பிடிவாதம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

சென்ற இலையுதிர்காலத்தில், அவருக்கு நோய் முற்றியிருந்த நாட்களில், ஒரு மதியம் வேலைக்கு வந்திருந்தார். செய்ய வேலை இல்லை, வீட்டில் இருக்க மனமில்லாமல் வந்திருந்தார். கடையில் நாங்கள் இருவர் மட்டும். நான் கொண்டுவந்த இடியப்பத்தில் பாதியைக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, தட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"தங்கச்சி, என்ரை ஊர் மருதாவில் இல்லை."

"பிறகு?"

"ஈச்சங்கலட்டி."

அப்படியோர் ஊரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவருடைய கொப்பியிலும் இல்லை.

"வந்த புதுசிலை அகதிக் கேஸ் விசாரணை. எந்த ஊர் எண்டு கேட்டினம். ஈச்சங்கலட்டி எண்டால் மொழிபெயர்க்க வந்த எங்கடை ஆளுக்கே தெரிஞ்சிராது. மருதாவில் எண்டால் தேர் தெரியும், கிணறு தெரியும். எல்லாரும் செய்யிறதுதானே, பக்கத்திலை இருக்கிற பெரிய ஊரைச் சொல்லுறது. சொல்லிப்போட்டன். அது அப்பிடியே எல்லாப் பேப்பரிலையும் ஏறிச்சுது. கலியாணம், அனுஷாவின்ரை பதிவு, பாஸ்போட், எல்லாத்திலையும்."

அதில் என்ன இருக்கிறது, எத்தனையோ பேருக்கு அப்படித்தானே என்றேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

மருதாவிலின் கிணற்றைப்பற்றி நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நான்கு துலா பூட்டி இறைத்தாலும் வற்றாத நல்ல தண்ணீர்க் கிணறு என்று, இங்குள்ள அந்த ஊர்க்காரரின் ஒன்றியம் வெளியிடும் மலரின் அட்டையிலேயே போடுவார்கள். ஈச்சங்கலட்டி அதற்கு அடுத்த ஊர், வெறும் கல் நிலம். தோண்டினால் உவர்த் தண்ணீர். அங்கிருந்த பெண்கள் இரண்டு நேரமும் குடத்தோடு மருதாவிலுக்கு நடப்பார்கள்.

"அம்மா போவா. ஊர்ச்சனம் அள்ளி முடியுமட்டும் தள்ளி நிக்கவேணும். கயித்தைத் தொட விடமாட்டினம். ஆரும் இரங்கி ஊத்தினால்தான் தண்ணி. நான் சின்னனிலை அவவின்ரை சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன். அந்த ஊரைத்தான் இஞ்சை வந்து என்ரை ஊர் எண்டு சொன்னனான்."

அவருடைய தாய் தங்கம்மா இறந்தது போர்க்காலத்தில். பாதைகள் மூடிக் கிடந்தன, போக முடியவில்லை. இங்கே ஒரு பத்திரிகைக்கு அறிவித்தலை அவரே எழுதினார். அப்போது குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். மகனுக்கு ஓர் ஊர், தாய்க்கு வேறோர் ஊர் என்று யாராவது எடுத்துக் காட்டிவிடுவார்களோ என்று பயந்தார். தாய்க்கும் மருதாவில் என்றே எழுதினார். தன்னைக் கயிற்றைத் தொட விடாத ஊரில் தங்கம்மா பிறந்ததாக அச்சில் வந்தது.

"ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தன். பெத்தவவின்ரை முதல் வரி பொய்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பிறகு, வழக்கமான குரலில், "எனக்கு எழுதேக்கை ஈச்சங்கலட்டி எண்டு போடுங்கோ. அப்ப என்னை ஆர் விசாரிக்கிறது?" என்றார். போடுகிறேன் என்றேன். அனுஷாவுக்கு இப்போது வேண்டாம், பிறகு சொல்லலாம் என்றும் கேட்டுக்கொண்டார். அதற்கும் சம்மதித்தேன்.

அந்த ரயிலில் அனுஷா கேட்டபோது, நகரசபைக்குக் கொடுக்கும் தாளுக்குக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். அந்தத் தாளில் பாஸ்போட்டில் இருப்பதுதான் இருக்க வேண்டும். அறிவித்தலை மாலையில் நான் ஆறுதலாக எழுதுவேன் என்று மனதுக்குள் ஒழுங்கு செய்துகொண்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. நின்றபடி, சனங்களுக்கு நடுவே, அந்தப் பெரிய கதையைத் தொடங்க மனம் வரவில்லை. இறங்கியதும் எடுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. மருதாவில் ஒன்றியத்தார் உதவிக்கு வந்தார்கள், அவள் அதே தாளைப் படம் பிடித்து அவர்களுக்கு அனுப்பினாள். மதியத்துக்குள் எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் அறிவித்தல் வந்துவிட்டது: மருதாவிலைப் பிறப்பிடமாகவும், பாரிஸை வசிப்பிடமாகவும் கொண்ட...

மறுநாள் கண்ணீர் அஞ்சலி ஒட்டினார்கள். ரூ லூயி-பிளாங்கில் தொடங்கி ரூ பிலிப்-து-ஜிரார் வரை, கடைக் கண்ணாடிகளில் எல்லாம் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். படத்தின் கீழே "மருதாவில் மண்ணின் மைந்தன்." எங்கள் கண்ணாடியிலும் ஒட்ட வந்தார்கள். நான் ஒட்டும் நாடாவை வெட்டிக் கொடுத்தேன்.

கிரியை நாளன்று மண்டப வாசலில் ஒன்றியத் தலைவரிடம் சொன்னேன். வயதானவர், நல்ல மனிதர், அந்த மூன்று நாளும் அனுஷாவுக்காக ஓடித் திரிந்தவர். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முகம் இறுகியது.

"தங்கச்சி, இப்ப உதைக் கிண்டி என்ன பலன்? தவராசா எங்கடை ஆள். ரெண்டு ஊருக்கும் நடுவிலை ஒரு வேலிதானே."

"வேலிக்கு எந்தப் பக்கத்திலை அண்ணை தண்ணி நல்லது?"

என் வாயிலிருந்து அது வந்தது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்.

"என்ரை அம்மாவும் அந்தக் கிணத்தடியிலைதான் நிண்டவ," என்றார் கடைசியில். "கயித்தை வைச்சிருந்த பக்கம்."

உள்ளே அழைத்தார்கள், போனோம். அஞ்சலி உரையில் அவர் மருதாவில் என்ற சொல்லைச் சொல்லவில்லை. ஈச்சங்கலட்டி என்றும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்த பிறகு அனுஷாவிடம் சொன்னேன். அவர்களுடைய வீட்டுச் சமையலறையில், அவள் மருந்துப் பெட்டிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள். குறுக்கிடாமல் கேட்டாள். என் பிழையையும் சேர்த்துச் சொன்னேன். அவள் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். நடுவில் நாக்குத் தடுக்கியது. மறுபடியும் சொன்னாள். பிறகு பிரெஞ்சில் கேட்டாள்: அந்த ஊர் எதற்குப் பேர்போனது?

"உன்ரை அப்பாவுக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அண்ணை இருந்திருந்தால், "புகழை நீங்கள் கட்டிக் குடுக்காதேங்கோ, அங்கை இருந்ததைச் சொல்லுங்கோ" என்றிருப்பார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கல் நிலம். உவர்த் தண்ணீர். இரண்டு நேரமும் நடந்துபோன பெண்கள்.

"அப்பம்மாவுமா?" இது தமிழில்.

"ஓம். ஒவ்வொரு நாளும்."

"அப்பாவும் கூடப் போனவரா?"

"சீலையைப் பிடிச்சுக்கொண்டு."

அவள் குசினித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மண்டபத்தில் அழாத பிள்ளை அப்போதுதான் அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். அப்பம்மாவின் பெயரையும் எழுதுங்கள் என்றாள்.

அவருடைய கொப்பியை அனுஷா வைத்துக்கொண்டாள், அதுதான் முறை. நான் அவருடைய மேசையில் உட்காருவதில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது, நான் கொடுத்துக் காப்பாற்றாத ஒரு வாக்கு மட்டும்தான். தாயின் முதல் வரியில் பிழை விட்டுவிட்டு ஒரு மனிதர் இத்தனை வருடம் எப்படி நடமாடினார் என்று அன்று மதியம் எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. வேலைக்கு வருகிறேன், டிக்கெட் போடுகிறேன், அது கூடவே வருகிறது.

கண்ணாடிகளில் ஒட்டியதை இனி மாற்ற முடியாது. ஆனால் அவரை அறிந்த நீங்கள் இதை அறிந்திருக்க வேண்டும். தவராசா ஈச்சங்கலட்டியைப் பிறப்பிடமாகவும், பாரிஸ் லா சப்பலை வசிப்பிடமாகவும் கொண்டவர். அவருடைய தாயார் தங்கம்மா, ஈச்சங்கலட்டியைப் பிறப்பிடமாகவும் ஈச்சங்கலட்டியையே வசிப்பிடமாகவும் கொண்டவர்.