எட்டாவது கேள்வி

‘ஆம்’ என்ற கட்டத்தின் மேல் அம்புக்குறியை நிறுத்திவிட்டு, ஆனந்தராஜ் சுட்டுவிரலைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். வியர்வை ஒன்றும் இருக்காது. அறையில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். துடைத்த விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, பிறகுதான் அழுத்துவார். ஒவ்வொரு கேள்விக்கும் இதே சடங்கு. மொத்தம் பதினேழு கேள்விகள்.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு கியர் கம்பெனி. கம்பெனியை அப்படியே கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. எந்த இடத்தில் சரக்கு தேங்கும், எத்தனை பேர் போதும் என்று ஒரு வருஷத்தை அரை மணியில் ஓட்டிவிடுவார். வந்து விழும் எண்களை எந்தப் புள்ளியியல் முறையில் அலசுவது என்பதில்தான் அவருக்குக் குழப்பம். அதற்கென்றே ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். தேர்ந்த நிபுணர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்கும். பதிலைப் பார்த்து முறையைச் சொல்லும். அதற்கு அவர் வைத்த பெயர் வாத்தியார்.

“வாத்தியாரு தப்பு பண்ணமாட்டாருங்க. நாம ஒளறுனாத்தான் அவரும் ஒளறுவாரு” என்பார். சொன்ன கையோடு முகம் வாடிவிடும்.

வீட்டைப் பூட்டிவிட்டு நாலு தடவை பூட்டை ஆட்டிப் பார்க்கிற ஆள். தர்கா ஸ்டாப் வரை பைக்கில் போய்விட்டு, கேஸை மூடினோமா என்று திரும்பி வருவார். மனைவி சுஜாதா வாசலிலேயே நின்று, “மூடியாச்சு, போ சாமி” என்று கும்பிடு போடுவாள்.

ஆனால் இன்றைய பயம் அப்படிப்பட்டதல்ல. இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு எட்டுப் பேர் வேண்டாம், ஐந்து பேர் போதும் என்று போன வாரம் கணக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு மேலாளர் பூபதியிடம் கொடுத்தாயிற்று. மூன்று மணிக்குக் கூட்டம். அது முடிந்தால் மூன்று ஒப்பந்தப் பெண்களுக்கு நாளை முதல் வேலை இல்லை.

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது, பூட்டை ஆட்டிப் பார்ப்பது போலத்தான் கீழே இறங்கிப் போனார். மேசையருகே ஒப்பந்தப் பெண்களில் ஒருத்தியான பவளம் அப்போதுதான் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு டிராலி நிறைய கியர்கள்.

“இது எப்ப வந்துதும்மா?”

“முந்தின ஷிப்டுக்காரவுக வச்சிட்டுப் போறதுதான் சார். வந்ததும் கையக் கட்டிக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல? நாங்களும் போறப்ப அவுகளுக்கு ஒரு டிராலி வச்சிட்டுத்தான் போவோம்.”

“தெனமுமா? ரெஜிஸ்டர்ல இல்லியே!”

“இதையெல்லாமா சார் எழுதுவாக?”

ஆனந்தராஜ் டிராலியிலிருந்த கியர்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். வாத்தியாரின் எட்டாவது கேள்வி: ‘வேலை தொடங்கும்போது மேசை காலியாக இருக்குமா?’ ரெஜிஸ்டரைப் பார்த்து அவர் அழுத்தியது ‘ஆம்’. அதை நம்பி, ஒவ்வொரு ஷிப்டையும் வெறும் மேசையிலிருந்து தொடங்கும் முறையை வாத்தியார் சொல்லிவிட்டார். அந்தப் பாவிக் கணக்கில் இந்த டிராலியே இல்லை!

படியேறி ஓடினார். ‘இல்லை’ என்று மாற்றினார். ஷிப்டுகளை நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டு, முதலில் மேசை காலியாகக் கிடக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காதே என்றது மென்பொருள். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது விடை வந்தது. எட்டுப் பேரும் வேண்டும். அப்போதும் மேசை திணறியது.

அதை எடுத்துக்கொண்டு பூபதியின் அறைக்கு ஓடினார். பூபதி மேசையில் விரித்து வைத்திருந்த போன வார அறிக்கையை மூடவே இல்லை. “ஆனந்து, இது மேல வரைக்கும் போயாச்சு. இப்பத் தப்புன்னு சொன்னா, தப்பு உங்க பேர்லதான் நிக்கும். அடுத்த மாசம் உங்க பிரமோஷன் வேற இருக்குது. யோசிச்சுக்குங்க.”

ஆனந்தராஜ் யோசித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தில் இருந்த தன் கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். காகிதத்தை அழுத்திப் பிடித்திருந்த இடத்தில் விரல் நுனி ஈரமாகப் பதிந்திருந்தது. அவர் துடைக்கவில்லை.